பாடி தூக்கிய கெப்பில் கோளாறா? அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

மட்டக்களப்பின் படுவான்கரை வயல்வெளிக்கும் புல்லுமலை, வாகரைப் பக்கக் காட்டுப் பாதைகளுக்கும் ஓடுகிற கெப்பில் (பின்பெட்டி உள்ள பிக்கப் வாகனத்தில்) 31 அங்குல டயர் போட்டால் மட்கார்டில் உரசும். அந்த இடத்தை எடுக்கத்தான் பாடிக்கும் செஸிக்கும் (அடிச்சட்டத்துக்கும்) நடுவே கட்டை வைத்துத் தூக்குகிறோம். பாடி லிஃப்ட் என்பது இதைத்தான். லேத்தில் கடைந்த நைலோன் அல்லது அலுமினியக் கட்டை, நீளமான போல்ட், இரண்டு ஜக், உதவிக்கு இரண்டு பேர் இருந்தால் வீட்டு முற்றத்திலேயே முடிகிற வேலை இது. ஆனால் வேலை முடிந்த மறுநாளே ஃபேன் இரையத் தொடங்கும், கியர் தானாகக் கழலும், பிரேக் பெடல் கல்லாக நிற்கும். அப்போது எங்கே பார்ப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். மனதில் வைத்திருப்பது பழைய ஹைலக்ஸ் எல்என்106, எல்என்107 டபுள் கெப்பை. பாடி தனியாகவும் செஸி தனியாகவும் உள்ள மற்றக் கெப்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

அடிப்படை ஒன்றுதான். பாடியைத் தூக்கும்போது அதோடு சேர்ந்து மேலே போகிறவை ஸ்டியரிங் தண்டு, பெடல்கள், பிரேக் மாஸ்டர் சிலிண்டர், ரேடியேட்டர், பற்றறி, டீசல் ஊற்றும் வாய். கீழேயே நிற்பவை எஞ்சின், கியர்பெட்டி, ஸ்டியரிங் பெட்டி, டீசல் டாங்கி, இரண்டு அச்சுகள். இந்த இரண்டு கூட்டத்தையும் இணைக்கிற ஒவ்வொரு குழாயும் கேபிளும் வயரும் தண்டும் கட்டையின் உயரத்துக்கு இழுபடுகின்றன. ஆகவே எந்தக் கோளாறு வந்தாலும், மேலேயும் கீழேயும் தொடுகிற எந்த இணைப்பு இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் விடை அங்கேயே இருக்கும்.

இரண்டு அங்குலத்துக்கு மேல் தூக்க வேண்டாம். கட்டை உயர உயர, பிரேக் பிடிக்கும்போது பாடி முன்னால் தள்ளும் தள்ளில் போல்ட் வளையும் அளவும் கூடுகிறது. மூன்று அங்குலக் கட்டை வைத்த கெப்பில் செஸியின் மவுண்ட் தட்டு (பாடி உட்காரும் தட்டு) வெடிப்பது இதனால்தான்.

எதையும் கழற்றுமுன் வயல் வரம்பில் ஏற்றிப் பாருங்கள்

கராஜின் சீமெந்துத் தரையில் நேராக நிற்கும் கெப்பில் பாதிக் கோளாறு கண்ணில் படாது. மேடு பள்ளத்தில் செஸி முறுகும்போதுதான் பாடிக்கும் செஸிக்கும் இடையிலான தூரம் மூலைக்கு மூலை மாறும், இழுபட்ட ஹோஸ் அப்போதுதான் இன்னும் இழுபடும்.

ஆகவே உறுதியான ஒரு வரம்பையோ மேட்டையோ தேடி, ஒரு பக்க முன் டயரும் எதிர்ப்பக்கப் பின் டயரும் உயர்ந்து நிற்கும்படி நிறுத்துங்கள். எஞ்சினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, டயர்களுக்குக் கல் வையுங்கள். பொனட்டைத் திறந்து, டோர்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு ஹோஸையும் கேபிளையும் விரலால் அழுத்துங்கள். கொஞ்சமாவது தளர்ந்து கொடுக்க வேண்டும். விறைத்து நிற்பதை எல்லாம் சோக்கால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மறுமூலையில் ஏற்றி அதையே செய்யுங்கள்.

அடுத்தது எஞ்சின் சாய்வு. சமதரையில் நிறுத்தி, ஒருவர் உள்ளே இருந்து பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி முதல் கியரில் கிளச்சை மெல்ல விடட்டும், அப்புறம் ரிவர்ஸில். வாகனத்துக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. நீங்கள் பக்கத்தில் தள்ளி நின்று எஞ்சின் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று பாருங்கள். பழைய டீசல் எஞ்சினின் மவுண்ட் ரப்பர் தேய்ந்திருந்தால் அந்தச் சாய்வு நிறைய இருக்கும். ஃபேன் உரசுவதும் கியர் கழல்வதும் பல நேரம் இந்தச் சாய்வில்தான் நடக்கின்றன.

பிரேக்கில் எந்த மாற்றம் தெரிந்தாலும் ஓட்டுவதை நிறுத்துங்கள்

பெடல் மரக்கட்டை போல் இறுகி, பலமாக மிதித்தால்தான் வாகனம் நிற்கிறது என்றால் பெடலை லேசாக்கும் பூஸ்டருக்கு வெக்கூம் (காற்று உறிஞ்சல்) போகவில்லை. ஹைலக்ஸின் 2எல், 3எல் டீசல் எஞ்சின்களில் வெக்கூம் பம்ப் ஓல்டர்னேட்டரின் பின்பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து பூஸ்டருக்குப் போகும் ஹோஸின் ஒரு முனை எஞ்சினில், மறு முனை பாடியில். தூக்கியதும் அது கழன்றிருக்கும், இல்லை வளைவில் நசுங்கியிருக்கும். சோதிப்பது லேசு. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலை நாலைந்து தரம் மிதித்து இறுகவிடுங்கள். மிதித்தபடியே எஞ்சினை இயக்கினால் பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அந்த ஹோஸைத்தான் பாருங்கள். மாற்றும்போது வெக்கூமுக்கென்றே வருகிற ஹோஸ் போடுங்கள். தண்ணீர் ஹோஸ் போட்டால் உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும். வெக்கூம் பம்புக்குப் போகும் ஒயில் ஹோஸ்களையும் அந்த நேரமே தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

பெடல் பஞ்சு போல் கீழே போனால் விஷயம் இன்னும் கடுமையானது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து செஸிக்கு இறங்கும் இரும்புக் குழாய் இழுபட்டு, அதன் நட் இருக்கும் இடத்தில் கசிகிறது. அந்தக் குழாய் 4.75 மில்லிமீற்றர் கனம்தான். அதில் தொழிற்சாலையிலேயே சில வளைவுகள் இருக்கும். தூக்குமுன் அந்த வளைவுகளைக் கையால் மெதுவாக விரித்துக் கொடுத்திருந்தால் இரண்டு அங்குலத்துக்குப் போதிய நீளம் பெரும்பாலும் கிடைக்கும். கொடுக்காமல் ஜக்கை ஏற்றியிருந்தால் குழாயே இழுபட்டிருக்கும். உள்ளே ஒருவர் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கட்டும். ஒவ்வொரு நட்டையும் உலர்ந்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் ஈரம் பட்டால் அந்தக் குழாயை மாற்றத்தான் வேண்டும். நட்டை இன்னும் இறுக்கிக் கசிவை நிறுத்தப் பார்க்காதீர்கள், குழாயின் மலர்ந்த முனை வெடித்துவிடும். இடையில் வெட்டி, தண்ணீர்க் குழாய்க்குப் போடுவது போல மூட்டுப் போடவும் வேண்டாம். இரண்டு முனையும் இரட்டையாக மலர்த்திய புதுக் குழாயைத் தேவையான நீளத்துக்கு வளைத்துப் போட்டு, பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை எடுத்து முடியுங்கள்.

ஐந்து கிலோமீற்றர் ஓடியபின் பின் சக்கரத்தின் டிரம் மட்டும் கொதிக்கிறது, வாகனம் இழுக்கவில்லை என்றால் அது ஹேண்ட் பிரேக் கேபிள். கைப்பிடி டேஷ்போர்டுக்கு அடியில், அதாவது பாடியில் இருக்கிறது, கேபிள் போவதோ செஸி வழியாக. தூக்கியதும் கைப்பிடியை அரைவாசி இழுத்த நிலைக்கு வந்துவிடும். செஸியிலுள்ள சரிசெய்யும் நட்டைத் தளர்த்துங்கள். அதில் முடியாவிட்டால் கேபிளின் வெளியுறை பிடிக்கும் தட்டைக் கட்டையின் உயரத்துக்கு இடம் மாற்றுங்கள். பின் சக்கரங்களைத் தூக்கிக் கையால் சுற்றும்போது தடையில்லாமல் சுற்ற வேண்டும்.

ஸ்டியரிங்

சுற்றும்போது ஒரே இடத்தில் மட்டும் இறுக்கம், அப்புறம் லேசாகி மறுபடி இறுக்கம் என்றால் தண்டின் முழங்கால் மூட்டு அதன் எல்லைக்கு மேல் மடங்குகிறது. பாடி உயர்ந்ததால் ஸ்டியரிங் பெட்டிக்குப் போகும் தண்டின் சாய்வு மாறிவிட்டது. மூட்டுக்குக் கிரீஸ் போட்டுப் பாருங்கள். துரு ஏறிய மூட்டென்றால் அதுவே போதும். பிறகும் இறுகினால் கெபினுக்குள் ஸ்டியரிங் தண்டு பிடித்திருக்கும் போல்ட்களைத் தளர்த்தி, தண்டைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடியுங்கள்.

பொனட்டைத் திறந்து தண்டின் பல்வெட்டுப் பகுதியையும் பாருங்கள். நழுவும் துண்டு தூக்கியபின் எவ்வளவு வெளியே வந்திருக்கிறது? கவ்வுப் போல்ட் தண்டின் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா? பள்ளத்தைவிட்டு விலகிப் பல்வெட்டின் நுனியில் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால், ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பும்போது ஸ்டியரிங் கையோடு வந்துவிடும். அந்த கெப்பை வீதியில் இறக்கவே கூடாது. இந்த அளவு நீட்டத்துக்கென்று கடைந்த இணைப்புத் துண்டு போட வேண்டும். தண்டை வெட்டி நடுவில் கம்பி வைத்து வெல்டிங் பிடித்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். கலப்பையும் பெட்டியும் ஒட்டுகிற வெல்டிங் அது. எதிரே பஸ் வரும்போது உங்கள் உயிரும் பஸ்ஸில் இருப்பவர்களின் உயிரும் அந்த ஒட்டில் தொங்கும்.

சக்கரம் நேராக இருக்க ஸ்டியரிங் வளையம் சாய்ந்து நிற்கிறதா? பொருத்தும்போது ஒரு பல் தள்ளிப் போய்விட்டது. கழற்றி ஒரு பல் திருப்பிப் போட்டால் சரி.

நேர் வீதியில் கெப் இடமும் வலமும் அலைகிறது என்றால் கட்டையைக் குறை சொல்ல வேண்டாம். பாடி லிஃப்ட் ஸ்பிரிங்கையும் அச்சையும் தொடுவதில்லை, சக்கரத்தின் சாய்வும் மாறுவதில்லை. டயர்க் காற்று, டை ரொட் முனைகள், முன் அச்சின் நக்கிள் பெயரிங், சக்கரங்களின் உட்கோணம், இந்த வரிசையில் பாருங்கள். பெரிய டயர் போட்டதும் இவற்றில் முன்பே இருந்த தேய்மானம் வெளியே தெரிகிறது.

முன்னால் கரகரவென்ற சத்தம், அதோடு சூடு

தூக்கிய முதல் நாளே வருகிற கோளாறு இதுதான். ரேடியேட்டரும் அதன் பின்னால் ஃபேனைச் சுற்றி உள்ள பிளாஸ்டிக் கூடும் பாடியோடு இரண்டு அங்குலம் மேலே போய்விட்டன, ஃபேன் எஞ்சினோடு கீழேயே நிற்கிறது. ஆகவே ஃபேனின் நுனி கூட்டின் அடிப்பக்கத்தில் உரசுகிறது. நிற்கும்போது சத்தமில்லை, ஏற்றத்தில் அல்லது கிளச் விடும்போது மட்டும் வருகிறது என்றால், இடைவெளி இருக்கிறது ஆனால் எஞ்சின் சாயும்போது போதவில்லை.

பலர் உடனே செய்வது கூட்டைக் கழற்றி எறிவது. சத்தம் நின்றுவிடும், ஆனால் அதற்குப் பிறகு ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல் பக்கத்துக் காற்றையே சுற்றிக்கொண்டிருக்கும். 60இல் ஓடும்போது தெரியாது. ஆடி மாதக் கச்சான் வெயிலில், நெல் மூட்டை ஏற்றி, லோ கியரில் வயல் பாதையில் ஊர்ந்து வரும்போது ஊசி ஏறும். பழைய டீசல் எஞ்சினின் ஹெட் ஒருமுறை கொதித்தால் வெடிக்கக்கூடியது. ஹெட்டுக்காகக் கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தை வரை போய்வருகிற செலவோடு பார்த்தால் கூட்டைச் சரிசெய்யும் செலவு ஒன்றுமே இல்லை.

நல்ல வழி ரேடியேட்டரைப் பழைய உயரத்துக்கே இறக்குவது. 5 மில்லிமீற்றர் தட்டில் நாலு துண்டு வெட்டி, மேல் துளை பாடிக்கும் கீழ்த் துளை ரேடியேட்டருக்கும் வரும்படி, கட்டையின் உயரம் எவ்வளவோ அவ்வளவு இறக்கிப் பூட்டுங்கள். இப்படிச் செய்தால் மேல் ஹோஸும் கீழ் ஹோஸும் பழைய நீளத்திலேயே இருக்கும், அவற்றைத் தொடவே வேண்டாம். அடியில் இறங்கும் பகுதியைக் கல் அடிக்காமல் ஒரு தகட்டால் மறைத்துவிடுங்கள். ஏசி இருந்தால் கண்டென்சர் ரேடியேட்டரின் முன்னால் அதே நேரில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏசி கேஸ் ஹோஸை ஒருபோதும் இழுத்துப் பொருத்த வேண்டாம்.

இறக்க இடமில்லாத வாகனத்தில் கூட்டின் அடிப்பக்கத்தைத் தேவையான அளவு வெட்டி, வெட்டிய துண்டை அதற்குக் கீழே தள்ளி மறுபடி பூட்டுங்கள். ஃபேனைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு அங்குலம் அளவில் இடைவெளி இருக்கட்டும். வெட்டிய கையோடு ஹோஸ்களைப் பாருங்கள். மேல் ஹோஸ் மடிந்து நசுங்கினால் கூட்டில் குறையில்லாவிட்டாலும் சூடு ஏறும்.

கியர் தானாகக் கழல்கிறது, ஃபோர் வீல் லோ விழவில்லை

கியர்பெட்டி செஸியில், தரைத்தகடு பாடியில். தரை இரண்டு அங்குலம் உயர்ந்ததால் கியர்த் தடி இப்போது குட்டையாகிவிட்டது. தடி சாய்ந்தும் நிற்பதால் தரைத் துவாரத்தின் விளிம்பில் முட்டுகிறது. முட்டும் கியர் முழுதாக விழாது. அரைகுறையாக விழுந்த கியர் அதிர்வில் கழலும். சமவீதியில் ஒழுங்காக ஓடி, குளக்கட்டில் இறங்கும்போது மட்டும் லோவிலிருந்து நியூட்ரலுக்குத் துள்ளுவது இதன் முக்கிய அறிகுறி. இறக்கத்தில் அது நடந்தால் எஞ்சின் பிடி போய்விடும், அந்த நேரம் பிரேக்கும் சூடாக இருந்தால் ஆபத்து.

ரப்பர் உறையை மேலே தள்ளி, கியர்த் தடி, ஃபோர் வீல் தடி இரண்டையும் ஒவ்வொரு நிலைக்கும் போட்டுப் பாருங்கள். தடிக்கும் விளிம்புக்கும் நடுவே குறைந்தது ஒரு விரல் கனம் இடம் வேண்டும், வரம்பில் ஏற்றி நிறுத்தியபோதும் வேண்டும். இல்லாத இடத்தில் விளிம்பைக் கிரைண்டரால் வெட்டி, வெட்டிய முனைக்குத் துருத்தடுப்புப் பெயின்ட் பூசுங்கள். தடி கைக்கு எட்டாத அளவு குட்டையாகத் தெரிந்தால் நடுவில் துண்டு வைத்து நீட்டலாம். அதற்கு முதலில் தடியைக் கழற்றி வெளியே எடுக்க வேண்டும். அடி முனையில் பிளாஸ்டிக் புஷ் இருக்கிறது. கழற்றாமல் வெல்டிங் வைத்தால் அது உருகிவிடும், அப்புறம் எந்தக் கியர் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும்.

உறையைச் சரியாக மூடிப் பூட்டுங்கள். செம்மண் தூசியும் மாரியில் சேறும் கெபினுக்குள் வருவது இந்தத் துவாரத்தால்தான்.

ஐட்லிங் ஏறி நிற்கிறது, ஸ்டார்ட் பண்ணும்போது வெளிச்சம் மங்குகிறது

இரண்டையும் ஒன்றாகச் சொல்லக் காரணம், ஒன்று மற்றதைக் கெடுக்கும்.

அக்ஸிலேட்டர் கேபிளின் ஒரு முனை பெடலில், மறு முனை எஞ்சினின் டீசல் பம்பில். இழுபட்டால் கால் வைக்காமலேயே கொஞ்சம் மிதித்தது போல் நிற்கும். சரிசெய்யும் நட்டில் தளர்த்துங்கள், இழுவை குறைந்த பாதையில் கேபிளைத் திருப்பி விடுங்கள். நட் முழுதும் தளர்ந்தும் போதாவிட்டால் நீளமான கேபிள் வேண்டும். பள்ளத்தில் விழும்போது எஞ்சின் உறுமுகிறது என்றால் இதை நாளைக்குத் தள்ளிப் போட வேண்டாம்.

எர்த் வயர் எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகிற பின்னல் பட்டி. பழைய கெப்பில் அது ஏற்கனவே உப்புக் காற்றில் பொரிந்திருக்கும். கல்லடி, பாசிக்குடா, பொத்துவில் போலக் கடலோரத்தில் நிற்கும் வாகனத்தில் இதைக் கட்டாயம் பாருங்கள். தூக்கும்போது அது அறுந்தால் லைட் மங்கும், சிக்னல் போட்டால் மற்ற விளக்குகளும் சேர்ந்து மின்னும், ஸ்டார்டர் சோம்பும். மின்சாரம் திரும்பிப் போக வேறு வழி தேடி அக்ஸிலேட்டர் கேபிள் வழியாகவும் ஹேண்ட் பிரேக் கேபிள் வழியாகவும் போகும். கேபிள் சூடாகி உள்ளுறை உருகி, பெடல் ஒட்டிக்கொள்ளும்.

மீற்றர் இருந்தால் ஒரு கம்பியைப் பற்றறியின் நெகட்டிவிலும் மற்றதைப் பாடியின் சுத்தமான இரும்பிலும் வைத்து ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. மீற்றர் இல்லாவிட்டால் ஜம்ப் வயரால் நெகட்டிவையும் பாடியையும் இணைத்துப் பாருங்கள். கோளாறு மறைந்தால் அதேதான். 25 சதுர மில்லிமீற்றர் வயரில் எஞ்சினுக்கும் பாடிக்கும் ஒன்று, பாடிக்கும் செஸிக்கும் ஒன்று, தொங்கலாக விட்டுப் பூட்டுங்கள். பெயின்டைச் சுரண்டி வெறும் இரும்பில் பூட்டி, மேலே கிரீஸ் பூசுங்கள்.

டீசல் வாடை, ஷெட்டில் டீசல் அடிக்கும்போது பம்ப் அடிக்கடி நிற்கிறது

டாங்கி செஸியில், ஊற்றும் வாய் பின்பெட்டியில். நடுவில் உள்ள தடித்த ஹோஸ் நசுங்கினால் ஊற்றும்போது டீசல் திரும்பி எழும்பும், பம்பின் முனை நின்று நின்று ஓடும். கிளிப்பிலிருந்து விலகினால் டாங்கி நிரம்பியிருக்கும்போது வளைவில் வாடை வரும். அதன் பக்கத்தில் ஓடும் மெல்லிய காற்று ஹோஸையும் மறக்க வேண்டாம், பல நேரம் அதுதான் நசுங்கியிருக்கும். டீசலுக்கென்று வருகிற நீளமான ஹோஸ் வாங்கி இரண்டு முனைக்கும் கிளிப் போடுங்கள். விலகிய ஹோஸ் வழியாகச் சேற்றுத் தண்ணீர் போனால் டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீர் சேரும், எஞ்சின் வெட்டி வெட்டி ஓடும்.

கடகட சத்தம், கதவு பொருந்தவில்லை

இங்கே குற்றவாளி பெரும்பாலும் கட்டையும் போல்ட்டும்தான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கதவின் பின்விளிம்பு கீழே இறங்கிப் பூட்டில் முட்டுகிறதென்றால் கட்டைகள் ஒரே உயரமாக இல்லை, இல்லை ஒரு மவுண்டில் வொஷர் விடுபட்டிருக்கிறது. சமதரையில் நிறுத்தி எல்லாப் போல்டையும் ஒரே அளவு தளர்த்தி, பாடி தானாக உட்காரவிட்டு, நடுவிலிருந்து வெளியே குறுக்காக இறுக்கிப் பாருங்கள். பிறகும் கதவு முட்டினால் கட்டைகளைக் கழற்றி வேர்னியரால் அளக்க வேண்டியதுதான். கடைவதற்குக் கொடுக்கும்போதே, "எல்லாம் ஒரே உயரம் வேணும் காக்கா, ஒண்டுக்கொண்டு அரை மில்லிமீற்றர் கூட வித்தியாசம் வரக் கூடாது" என்று சொல்லிக் கொடுங்கள். ஒரே தடியில் ஒரே அமைப்பில் எல்லாவற்றையும் சேர்த்து வெட்டினால் அந்தத் துல்லியம் கிடைக்கும்.

புதிதாக இருக்கும்போது அமைதி, சில வாரத்தில் கடகட என்றால் போல்ட் தளர்ந்திருக்கிறது. நைலோன் கட்டை நெருக்கத்தில் மெல்ல மெல்ல அமுங்கும், ஈரத்தில் கொஞ்சம் ஊதும். ஆகவே முதல் சில நூறு கிலோமீற்றருக்குள் ஒருமுறையும், முதலாவது மாரிக்குப் பிறகு ஒருமுறையும் எல்லாவற்றையும் இறுக்கிப் பார்ப்பது கட்டாயம். அலுமினியக் கட்டை அமுங்காது, ஆனால் இரும்போடு உப்புக் காற்றில் வெண்துரு பூக்கும், தொடும் முகங்களுக்குக் கிரீஸ் பூச வேண்டும். மரக்கட்டை, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய வொஷர், மெல்லிய தண்ணீர்க் குழாய்த் துண்டு எதுவும் வேண்டாம். முதலாவது அழுகும், இரண்டாவது நழுவும், மூன்றாவது நசுங்கும்.

கட்டை உட்காரும் இடமும் முக்கியம். மவுண்ட் ரப்பரின் மேல்தட்டுக்கும் பாடிக்கும் நடுவில் வைக்க வேண்டும். ரப்பரின் மேல் நேரடியாக வைத்தால் கட்டையின் விளிம்பு ரப்பரை வெட்டிவிடும். பழைய ரப்பர் பிளந்திருந்தால் இந்த நேரமே மாற்றிவிடுங்கள்.

போல்ட் விஷயத்தில் ஹார்ட்வெயார் கடையை நம்பிப் போகாதீர்கள். ஜப்பான் வாகனங்களில் எம்10, எம்12 போல்ட்களின் புரியிடைவெளி பொதுவாக 1.25. ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் எம்10 பெரும்பாலும் 1.5, எம்12 பெரும்பாலும் 1.75. இரண்டு சுற்றுப் போய் இறுகும், இறுகியது என்று நினைத்துப் பலம் கொடுத்தால் பாடியின் உள்ளே ஒட்டியிருக்கும் நட் கெட்டுவிடும். பழைய போல்டைக் கையில் கொண்டுபோய், நட்டைக் கையால் சுற்றிப் பார்த்து, தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்ததையே வாங்குங்கள். நீளம் பழைய போல்ட்டின் நீளத்தோடு கட்டையின் உயரம். மீற்றர் கணக்கில் விற்கும் புரிக்கம்பியை வெட்டிப் போட வேண்டாம். அதில் பெரும்பகுதி மென்மையான இரும்பு.

கழற்றும்போதே போல்ட் சும்மா சுற்றுகிறதா? உள்ளே ஒட்டிய நட் துருவில் விடுபட்டுவிட்டது. தரை விரிப்பைத் தூக்கி, அந்த நட்டுக்கு நேர் மேலே சிறு துவாரம் போட்டு மேலிருந்து பிடிக்க வேண்டும். முதல் நாள் இரவே எல்லாப் போல்டுக்கும் துருநீக்கி ஒயில் விட்டிருந்தால் பாதிக்கு மேல் ஒழுங்காகக் கழலும். ஜக்கின் தலைக்கும் பாடிக்கும் நடுவே பலகை வையுங்கள், ஒரு பக்கத்தை மட்டும் தூக்குங்கள், மறுபக்கப் போல்ட்கள் தளர்ந்து உள்ளேயே இருக்கட்டும். கட்டையை நுழைக்கும்போது விரல் இடைவெளிக்குள் போகக் கூடாது. பக்கவாட்டில் பிடித்துத் தள்ளுங்கள்.

ஒரு மூலை மட்டும் நாளாக நாளாகத் தாழ்கிறது என்றால் செஸியின் மவுண்ட் தட்டு துருவில் தின்னப்பட்டிருக்கிறது. சுத்தியலின் நுனியால் தட்டிப் பாருங்கள். மந்தமான சத்தம் வந்து செதில் உதிர்ந்தால், கட்டையைக் கழற்றிவிட்டு அந்தத் தட்டைப் புதிதாக வெட்டி ஒட்டும் வேலையை முதலில் செய்யுங்கள்.

கெபினின் பின்சுவரும் பின்பெட்டியும் உரசினால் இரண்டுக்கும் கட்டை உயரம் ஒன்றாக இல்லை. ஒரே உயரத்துக்குக் கொண்டுவாருங்கள், வேறு மருந்து இல்லை.

டயர் இன்னும் உரசுகிறது

எங்கே உரசுகிறது என்று பாருங்கள். மட்கார்டின் பின்கீழ் மூலையில் என்றால் அந்த விளிம்பை வெட்டி மடித்தால் போதும். முழுதாகத் திருப்பும்போது ஸ்பிரிங்கிலோ செஸியிலோ என்றால் பாடியை எவ்வளவு தூக்கினாலும் தீராது. ரிம்மின் உள்வாங்கல் அளவு மாற வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டியரிங் நிறுத்தும் போல்டை வெளியே எடுத்துத் திருப்பத்தைக் குறைக்க வேண்டும்.

215ஆர்15 டயரின் விட்டம் ஏறத்தாழ 733 மில்லிமீற்றர், 31 அங்குலம் என்றால் 787. ஸ்பீடோமீற்றர் ஏழு வீதம் குறைத்துக் காட்டும், 60 என்று காட்டும்போது ஓடுவது 64. ஹெட்லைட்டும் இரண்டு அங்குலம் மேலே போய்விட்டது, எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்காமல் இறக்கித் திருப்பிவிடுங்கள். வாகனத்தின் உருவம் மாறுவதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் காப்புறுதிக்காரரிடமும் கட்டை கடையக் கொடுக்குமுன்னமே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

டிஃப் ஒயில் பால் நிறத்தில் வருகிறது

இது கட்டையால் வருவதில்லை, கட்டை தந்த தைரியத்தால் வருவது. பாடி ஐம்பது மில்லிமீற்றர் உயர்ந்தபோதும் டிஃப், அதாவது அச்சின் நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டி, பழைய இடத்திலேயே இருக்கிறது. பெரிய டயரால் அதன் அடியில் கூடுவது விட்ட வித்தியாசத்தின் பாதி, 27 மில்லிமீற்றர். ஸ்டார்டரும் ஓல்டர்னேட்டரும் ஃபேனும் அந்த 27 தான் உயர்ந்திருக்கின்றன. மாரியில் கிரான், புலிபாய்ந்தகல் பக்கம் வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடும்போது, உயர்ந்த கெப் என்று நம்பி இறங்கினால், சூடான டிஃப்புக்குள் உள்ள காற்று குளிர்ந்த தண்ணீரில் சுருங்கி, காற்றுத் துவாரம் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஓடுகிற தண்ணீர் பக்கவாட்டில் தள்ளும் தள்ளையும் கட்டை குறைப்பதில்லை. வீதியின் விளிம்பு தெரியாத தண்ணீரில் எந்த கெப்பும் இறங்கக் கூடாது.

பால் நிறம் கண்டால் ஒயிலை முழுதும் வடித்து, புது ஒயில் விட்டுக் கொஞ்சத் தூரம் ஓட்டி, மறுபடி வடித்து நிரப்புங்கள். முன், பின் டிஃப் இரண்டுக்கும் சேர்த்துச் செய்யுங்கள். முன் நக்கிளுக்குள்ளும் தண்ணீர் போயிருக்கும், அங்குள்ள கிரீஸைத் திறந்து பாருங்கள். பிறகு இரண்டு டிஃப்பின் காற்றுத் துவாரத்திலும் ஒரு மெல்லிய ஹோஸ் மாட்டி, முன்னதைப் பொனட்டுக்குள்ளும் பின்னதை பின்பெட்டியின் மேல் விளிம்புக்கும் கொண்டுபோய்க் கட்டுங்கள். அச்சு முழுதாகத் தொங்கும்போது இழுபடாத நீளம் விட்டுக் கட்ட வேண்டும்.